சிகாகோ நகரத் தேர்தல் கற்பிக்கும் பாடம்

ஒரு கட்சிக்கும் மறு கட்சிக்கும் நிகழும் தேர்தற் போட்டியில் கடுஞ்சொற்கள் வழங்குதல் உலகெங்குமுள்ள வழக்கமே. அது வருந்தத்தக்கதாயினும் ஆச்சரியப்படத்தக்கதன்று. ஆனால் ஒரே கட்சியைச் சேர்ந்தவர், ஒரே கொள்கையை உடையவர், நேற்றுவரை ஒரே மேடையில் அமர்ந்திருந்தவர், ஒரு ஸ்தானத்தை முன்னிட்டு ஒருவரையொருவர் தூஷிக்கப் புகுவாராயின் அதன் விளைவு வேறு. அயலான் கூறும் பழியை ஊரார் பாதி நம்புவர்; வீட்டிலுள்ளான் கூறும் பழியை முழுவதும் நம்புவர். ‘அவையெல்லாம் தேர்தல் காலத்துப் பேச்சு’ என்று பின்னர்ச் சமாதானம் கூறிக் கைகோத்து நின்றாலும், சொல்லியவன் மறக்கலாம், கேட்டவன் மறப்பதில்லை.

இவ்வுண்மைக்குச் சரித்திரத்தில் உதாரணங்கள் பல உண்டு. அவற்றுள் 1983-ம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள சிகாகோ மாநகரில் நிகழ்ந்த மேயர் தேர்தல் நாம் ஊன்றி ஆராயத்தக்கது. அத்தேர்தலில் வகுப்புத் துவேஷமும் உட்கட்சிப் பூசலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அசையாதிருந்த ஒரு கட்சிக்கோட்டை ஏழே வாரங்களில் இரண்டாகப் பிளந்தது. அப்பிளவினால் யார் யார் என்ன அடைந்தனர், என்ன இழந்தனர் என்பதை நமது நேயர்களுக்கு எடுத்துக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

நகரமும் கட்சியும்

சிகாகோ, மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த பெருநகரம். 1980-ம் ஆண்டுக் கணக்கின்படி அதன் ஜனத்தொகை ஏறக்குறைய 30 லட்சம். அவர்களுள் ஐந்தில் இரண்டு பங்கினர் கறுப்பு இனத்தார். தெற்கு மாகாணங்களில் அடிமைகளாயிருந்தோரின் சந்ததியார், இருபதாம் நூற்றாண்டில் பிழைப்பை நாடி இரயிலேறி வடக்கே வந்து அந்நகரின் தொழிற்சாலைகளிலும் இறைச்சிக் கிடங்குகளிலும் உழைத்துக் குடியேறினர். ஐரிஷ், போலிஷ், இத்தாலிய வமிசத்து வெள்ளையர் தத்தம் பேட்டைகளில் வாழ்ந்தனர். ஒரு பேட்டையார் மறு பேட்டைக்குக் குடிபோதல் அரிது. கறுப்பர் வெள்ளையர் பேட்டையில் வீடு வாங்கினால் கலகம் விளைந்ததும் உண்டு.

1931-ம் ஆண்டில் ஆண்டன் செர்மாக் என்பவர் மேயரானது முதல் அந்நகரம் டெமாக்ரடிக் கட்சியின் கைவசமே இருந்து வந்தது. அக்கட்சியின் அமைப்பை ஊரார் ‘மெஷின்’ என்றே அழைத்தனர். நகரம் 50 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வார்டுதோறும் கட்சித் தலைவர் ஒருவர். அவருக்குக் கீழே தெருத்தெருவாகச் சென்று குடும்பங்களை விசாரித்து வோட்டுச் சேர்க்கும் காரியஸ்தர் பலர். அக்காரியஸ்தரிற் பலர் நகரசபை உத்தியோகஸ்தரே. வோட்டுச் சேர்த்தவனுக்கு உத்தியோகம் நிலைத்தது; சேர்க்கத் தவறியவனுக்குப் போயிற்று. 1955 முதல் 1976-ல் மரணமடையும் வரையில் மேயராயிருந்த ரிச்சர்டு ஜே. டேலி இந்த அமைப்பை ஒருகைப்பிடியில் வைத்து ஆண்டார்.

இங்கே ஒரு முறையை விளக்குதல் அவசியம். அமெரிக்காவில் கட்சியின் அபேட்சகர் யார் என்பதைத் தலைவர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. பொதுத் தேர்தலுக்கு முன்னதாக ‘பிரைமரி’ என்னும் உட்கட்சித் தேர்தல் நடைபெறும். அதில் கட்சியைச் சேர்ந்த சாமானிய ஜனங்களே வோட்டளித்துத் தங்கள் அபேட்சகரைத் தெரிந்தெடுப்பர். சிகாகோவில் எதிர்க்கட்சியாகிய ரிபப்ளிகன் கட்சி பெயரளவிலேயே இருந்தபடியால், உட்கட்சித் தேர்தலில் வென்றவரே மேயர் என்பது ஐயமின்றி முடிந்த காரியம். ஆகவே போட்டி முழுவதும் வீட்டுக்குள்ளேயே நிகழலாயிற்று.

பூசலின் தோற்றம்

பெரிய டேலி மறைந்தபின் மைக்கேல் பிலாண்டிக் மேயரானார். 1979-ம் ஆண்டு ஜனவரியில் பெரும் பனி பெய்து நகரம் ஸ்தம்பித்தது. தெருக்களிற் பனி அள்ளப்படவில்லை. இரயில்கள் கறுப்பர் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நில்லாமலே சென்றன. இச்செயல் அம்மக்கள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அடுத்த மாதம் நடந்த உட்கட்சித் தேர்தலில் அவர்கள் ஜேன் பர்ன் என்னும் மாதரசியை ஆதரிக்க, அவர் பிலாண்டிக்கைத் தோற்கடித்து அந்நகரின் முதற்பெண் மேயரானார்.

ஏற்றி வைத்தவரை மறந்தது பர்ன் அம்மையார் செய்த பெரும்பிழை. 1981-ல் பள்ளிக்கூட நிர்வாக சபையிலும், 1982-ல் வீட்டுவசதி நிர்வாக சபையிலும் கறுப்பர் வகித்த ஸ்தானங்களில் வெள்ளையரை அவர் நியமித்தார். இதனால் மனங்கொதித்த கறுப்பர் 1982-ல் நகரசபை நடத்திய கோடைத் திருவிழாவைப் பகிஷ்கரித்தனர். ஆனால் பகிஷ்காரம் மட்டும் போதாதென்பதை அவர்களிற் பெரியோர் உணர்ந்தனர். வோட்டர் ஜாபிதாவில் பெயரில்லாதவனுடைய கோபம் காற்றில் கலக்கும் புகையே. எனவே எட்வர்டு கார்ட்னர் என்னும் கறுப்பு இனத்து வியாபாரி தம் பொருளைச் செலவிட்டு விளம்பரம் செய்ய, லூ பாமர் என்னும் பத்திரிகையாளர் முதலானோர் ஊக்கமூட்ட, தேவாலயங்களும் சங்கங்களும் வீடுதோறும் ஆட்களை அனுப்ப, அவ்வாண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாக வோட்டர்களாகப் பதிவாயினர்.

அச்சமயம் காங்கிரஸ் சபை அங்கத்தினராயிருந்தவர் ஹாரால்டு வாஷிங்டன். 1922-ம் ஆண்டில் அந்நகரிலேயே பிறந்து, யுத்தசேவை புரிந்து, சட்டம் பயின்று, மாகாணச் சட்டசபையில் நெடுங்காலம் உழைத்தவர். 1977-ல் ஒருமுறை மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். மீண்டும் நிற்கும்படி தம் வகுப்பார் வேண்டியபோது, முதலில் 50,000 பேரைப் புதிதாகப் பதியுங்கள் என்று அவர் நிபந்தனை விதித்தார். அவர் கேட்டதைப் போல் இருமடங்கு வந்து சேர்ந்தபடியால் மறுக்க வழியின்றிச் சம்மதித்தார்.

மும்முனைப் போட்டி

பெரிய டேலியின் குமாரரும் அரசாங்கப் பிராசிக்யூட்டருமான ரிச்சர்டு எம். டேலியும் களத்தில் இறங்கினார். அவருக்கும் பர்ன் அம்மையாருக்கும் பழம்பகை உண்டு. 1980-ல் பிராசிக்யூட்டர் பதவிக்கு டேலி நின்றபோது, அவருக்கு எதிராக எட்வர்டு பர்க் என்பவரை உட்கட்சித் தேர்தலில் அம்மையார் ஆதரித்தார், பர்க் தோற்றார். அன்று மூட்டிய நெருப்பு 1983-ல் சுவாலையாயிற்று.

பர்ன் அம்மையார் ஏறக்குறைய ஒரு கோடி டாலர் செலவிட்டார் என்பர். நகரத்தின் வரவு செலவைச் சீர்குலைத்தவர் என்று டேலி அவரைத் தாக்கினார். தந்தை பெயரன்றி வேறு மூலதனம் இல்லாதவர் என்று அம்மையார் பக்கத்தார் டேலியை இகழ்ந்தனர். மெஷினின் காரியஸ்தர் இருகூறாயினர். மூன்றாமவராகிய வாஷிங்டனை இருவரும் பொருட்படுத்தவில்லை. 1983 ஜனவரியில் மூவரும் நான்கு முறை ஒரே மேடையில் வாதம் புரிந்தனர். அப்பொழுதுதான் வாஷிங்டனுடைய கல்வியும் நாவன்மையும் நகரமெங்கும் விளங்கின. அவரும் மென்மையாகப் பேசியவரல்லர். மெஷின் என்னும் அமைப்பையே வேரோடு பெயர்ப்பேன் என்று முழங்கினார். எனினும் தம் வகுப்பாரின் வோட்டைத் திரட்டுவதிலேயே தம் முதல் முயற்சியை வைத்தார்.

தேர்தலுக்கு முந்திய வார இறுதியில் விபரீதமான வார்த்தை ஒன்று வெளிப்பட்டது. கட்சியின் குக் கவுண்டித் தலைவரும் பர்ன் அம்மையாரின் ஆதரவாளருமான எட்வர்டு விர்டோலியாக், கட்சிக் காரியஸ்தர் கூட்டமொன்றில், டேலிக்கு அளிக்கும் வோட்டு வாஷிங்டனுக்கு அளிக்கும் வோட்டே என்றும், இத்தேர்தல் இனத்தைப் பற்றியதே என்றும் பொருள்படப் பேசினார். பேச்சு பத்திரிகைகளில் வெளியாயிற்று. வெள்ளையரை ஒன்றுசேர்க்க எறிந்த அக்கல் எறிந்தவரையே திரும்பித் தாக்கியது. கறுப்பர் முன்னிலும் உறுதி கொண்டனர்; டேலியின் ஆதரவாளரோ அச்சுறுத்தலுக்கு இணங்கவில்லை.

பிப்ரவரி 22-ம் தேதி வோட்டெடுப்பு நடந்தது. வாஷிங்டனுக்கு நூற்றுக்கு 36 வீதமும், பர்னுக்கு ஏறக்குறைய 33 வீதமும், டேலிக்கு ஏறக்குறைய 30 வீதமும் கிடைத்தன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்னும் பழமொழியை இங்கே சிலர் நினைக்கலாம். அது முழுவதும் பொருந்தாது. இருவர் சண்டையினால் வழி திறந்தது உண்மை; ஆனால் ஒரு லட்சம் பேரைப் பதிவு செய்து வைத்திராவிடில் திறந்த வழியில் நுழைய ஆளிருந்திராது. மூவர் நிற்கும் போட்டியில் ஒருவன் மற்றவன்மேல் வீசும் சேறு, வீசியவனுக்கு லாபமாகாமல் மூன்றாமவனுக்கு லாபமாதல் கணக்கின் இயல்பு. அக்கணக்கை அறிந்து காத்திருந்தவர் பயனடைந்தார்.

ஏழு வாரக் கூச்சல்

ஐம்பது ஆண்டு வழக்கப்படி இதனோடு காரியம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ‘இது இனத்தைப் பற்றியது’ என்று கட்சித் தலைவரே விதைத்த சொல் இப்போது முளைத்தது. ரிபப்ளிகன் அபேட்சகர் பெர்னார்டு எப்டன், மாகாணச் சட்டசபையில் இருந்த யூத வக்கீல். இனத்துவேஷி என்று பெயரெடுத்தவரல்லர். உட்கட்சித் தேர்தலின்போது அவரை ஏறிட்டுப் பார்த்தவரும் சிலரே. வாஷிங்டன் வென்ற மறுநாள் முதல் டெமாக்ரடிக் கட்சி வெள்ளையர் அவரைத் தேடி வந்தனர். விட்டோ மார்சுல்லோ முதலிய வார்டுத் தலைவர் சிலர் வெளிப்படையாகவே அவர் பக்கம் சேர்ந்தனர்; வேறு பலர் வாய்பேசாமல் ஒதுங்கினர். தோற்ற பர்ன் அம்மையார், வோட்டுச் சீட்டில் தம் பெயரை எழுதி வோட்டளிக்குமாறு கேட்டு மார்ச் மாதத்தில் மறுபடியும் கிளம்பி, ஆதரவில்லாமையாற் சில நாட்களில் விலகினார்.

‘காலம் கடந்துபோகுமுன் எப்டனுக்கு வோட்டளியுங்கள்’ என்பது அப்பக்கத்து விளம்பர வாக்கியம். எதற்குக் காலம் கடந்துவிடும் என்று அதில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எழுத்தொன்றும் இல்லாத வெறும் வெள்ளைச் சின்னத்தைச் சட்டையிற் குத்திக்கொண்டு திரிந்தோரும் உண்டு. பெயரில்லாத துண்டுப் பிரசுரங்கள் கைமாறின. தேர்தல் நெருங்கிய நாட்களில், நாகரிகமுள்ளோர் வாயினாற் சொல்லக் கூசும் ஆதாரமற்ற அவதூறும் பரப்பப்பட்டது.

இவ்விடத்தில் நடுநிலைமையோடு ஒன்று கூறவேண்டும். வாஷிங்டன் குற்றங்குறையற்றவரல்லர். நான்கு வருஷங்களுக்கு வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யாத குற்றத்துக்காக 1972-ல் தண்டிக்கப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் சிறையிலிருந்தவர். கட்சிக்காரரிடம் பணம் பெற்றும் வேலை முடிக்காமைக்காக அவருடைய வக்கீல் தொழிலுரிமை நிறுத்தி வைக்கப்பட்டதும் மெய்யே. நகரத்துக் கஜானாவை ஒப்படைக்கப் போகும் ஜனங்கள் இவற்றைக் கேட்பது நியாயம். எப்டன் கேட்டதும் நியாயம். ஆனால் நிறத்தைக் குறித்த கூச்சலோடு கலந்து வந்தபடியால், நியாயமான கேள்வியும் துவேஷத்தின் குரலாகவே கேட்டது. கேள்விக்கு உரியவர் தெளிவாகப் பதில் கூறவேண்டிய நிர்ப்பந்தமும் அதனாற் குறைந்தது. பொய்ப்பழி செய்யும் தீமைகளுள் இதுவும் ஒன்று: அது மெய்யான குற்றச்சாட்டின் மதிப்பையும் கெடுத்துவிடுகிறது.

மார்ச் 27-ம் தேதி குருத்தோலை ஞாயிறு. முன்னாள் உபஜனாதிபதி வால்டர் மாண்டேலுடன் வாஷிங்டன் வடமேற்குப் பகுதியிலுள்ள அர்ச். பாஸ்கல் தேவாலயத்துக்குச் சென்றார். அங்கே கூடிய ஜனத்திரள் அவரை வைது கூவியது. ஆலயக் கதவில் இழிசொல் எழுதப்பட்டிருந்தது. அக்காட்சியைத் தேசமெங்கும் தொலைக்காட்சியிற் கண்டனர். தங்கள் நகரத்தின் முகத்தைக் கண்ணாடியிற் கண்டதுபோல் வெள்ளையரிற் பலர் வெட்கினர். ஏப்ரல் 12-ம் தேதி வாஷிங்டன் ஏறக்குறைய 6,68,000 வோட்டும், எப்டன் ஏறக்குறைய 6,20,000 வோட்டும் பெற்றனர். கறுப்பர் அனைவரும் ஒருமுகமாக நின்றதோடு, ஸ்பானிய மொழியினரிற் பெரும்பாலோரும், ஏரிக்கரைப் பகுதி வெள்ளையரில் ஒரு பகுதியினரும் சேர்ந்தமையாலேயே அவ்வெற்றி கைகூடியது. டெமாக்ரடிக் கட்சி அபேட்சகர் சிகாகோவில் இவ்வளவு குறுகிய வித்தியாசத்தில் வென்றது வெற்றியாயினும், கட்சிக்கு அது முறிவே.

நகரசபைக்குள் யுத்தம்

தேர்தலோடு பூசல் ஒழிந்ததா எனின், இல்லை. அது நகரசபைக்குள் குடிபுகுந்தது. 50 அங்கத்தினருள் 29 பேர் விர்டோலியாக், பர்க் இருவர் தலைமையில் மேயருக்கு எதிராக நின்றனர். 1980-ல் பிராசிக்யூட்டர் போட்டியில் நின்ற அதே பர்க்தான் இவர். மேயர் பக்கம் இருந்தோர் 21 பேர்: 16 கறுப்பர், 5 வெள்ளையர். 29-ல் கறுப்பர் ஒருவரேனும் இல்லை. 1983 மே மாதம் நடந்த முதற் கூட்டத்தை மேயர் ஒத்திவைத்து வெளியேற, அந்த 29 பேரும் அங்கேயே தங்கி எல்லாக் கமிட்டிகளின் தலைமையையும் தமக்கே ஆக்கிக்கொண்டனர். வழக்கு நியாயஸ்தலம் சென்றது. அங்கும் அவர்கள் செய்தது நிலைத்தது.

எதிர்ப்பாளர் இயற்றுவதை மேயர் ரத்துச் செய்வார். அந்த ரத்தை மீற 34 பேர் வேண்டும். அவர்களிடம் 29 பேரே. மேயர் செய்யும் நியமனங்களைச் சபை மாதக்கணக்காகக் கிடப்பிற் போடும். இவ்விதம் மூன்று ஆண்டுகள் கழிந்தன. இருபக்கத்தாரும் டெமாக்ரடிக் கட்சியினரே என்பதை நேயர்கள் மறத்தலாகாது. குப்பை அள்ளவும் தெருப்போடவும் எந்தக் கொள்கை வேற்றுமையும் அவர்களுக்குள் இல்லை. கொள்கை வேற்றுமை இல்லாதபோது சண்டைக்கு மிஞ்சுவது ஆளும் இனமுமே. உட்கட்சிப் பூசல் வெளிக்கட்சிப் பூசலினும் கொடியதாவதன் காரணம் இதுவே.

வார்டு எல்லைகள் கறுப்பருக்கும் ஸ்பானிய மொழியினருக்கும் பாதகமாக வகுக்கப்பட்டன என்று நியாயஸ்தலம் தீர்ப்பளித்தபின், 1986-ல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல் நடந்தது. லூயிஸ் குட்டியரெஸ் முதலியோர் வென்றமையால் சபை 25-க்கு 25 ஆயிற்று; சமவோட்டில் தீர்ப்பு வோட்டு மேயருடையது. 1987-ல் பர்ன் அம்மையாரை உட்கட்சித் தேர்தலிலும், விர்டோலியாக் முதலியோரைப் பொதுத் தேர்தலிலும் வென்று வாஷிங்டன் மீண்டும் மேயரானார். அவ்வெற்றியை அவர் நெடிது அனுபவிக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 25-ம் தேதி தம் காரியாலயத்தில் அமர்ந்திருக்கையிலேயே மாரடைப்பால் மரணமடைந்தார். எப்டனும் அடுத்த மாதமே காலமானார்.

சொந்த வீட்டில் மூண்ட தீ

சரித்திரத்தின் கசப்பான பகுதி இனிமேல்தான் வருகிறது. வாஷிங்டனுக்குப் பின் யார் என்ற கேள்வி எழுந்தது. திமோத்தி எவன்ஸ், யூஜின் சாயர் என்னும் இருவரும் கறுப்பு இனத்தார்; இருவரும் மறைந்தவரின் பக்கத்தில் நின்றவர். நகரசபை கூடிய இரவில் எவன்ஸை ஆதரிக்கும் ஜனங்கள் ஆயிரக்கணக்காக நகர மண்டபத்திற் குழுமினர். விடியுமுன் சாயர், பெரும்பாலும் வெள்ளை அங்கத்தினர் வோட்டினாலும் தம்மவர் சிலர் வோட்டினாலும், மேயராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். விலைபோனவர் என்று அவரைத் தம் வகுப்பாரே நிந்தித்தனர். அவர் பக்கத்தாரும் வாளாவிருக்கவில்லை.

1989 பிப்ரவரியில் நடந்த விசேஷ உட்கட்சித் தேர்தலில் இளைய டேலி சாயரைத் தோற்கடித்தார். எவன்ஸ் கட்சியை விட்டு விலகி, மறைந்தவரின் பெயரால் அமைத்த தனிக்கட்சியின் சார்பில் ஏப்ரலில் நின்று அவரும் தோற்றார். 1983-ல் மூன்றாம் இடம் பெற்ற டேலி, 1989 முதல் 2011 வரையில் தந்தையாரைப் போலவே நெடுங்காலம் மேயர் பதவி வகித்தார். அன்று இரு வெள்ளையரின் பிளவில் ஒரு கறுப்பர் வென்றார். பின்னர் இரு கறுப்பரின் பிளவில் ஒரு வெள்ளையர் வென்றார். தராசு எந்த இனத்துக்கும் உறவன்று.

பின்னர் 1995-ல் இயற்றிய சட்டத்தின்படி 1999 முதல் அந்நகர மேயர் தேர்தலில் கட்சிப் பெயரும் உட்கட்சித் தேர்தலும் ஒழிந்தன. பாதிக்கு மேற்பட்ட வோட்டு எவருக்கும் கிடையாவிடின், முதலிருவருக்குள் மறுவோட்டு நடைபெறுகிறது. இந்த விதி 1983-லேயே இருந்திருப்பின் வாஷிங்டனும் பர்னும் இரண்டாம் முறை எதிர்நின்றிருப்பர். முடிவு யாதாயிருக்குமென்று எவராலும் கூறவியலாது. விதிகளும் விளைவை மாற்றும் என்பதை அறிந்துகொள்ளல் போதும். ஆனால் மனிதர் நாவை அடக்கும் விதியை எந்தச் சட்டசபையும் இயற்றியதில்லை.

நாம் கொள்ளத்தக்கது

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பத்தாரில் பஞ்சாயத்துக்கும் நகரசபைக்கும் கூட்டுறவு ஸ்தாபனங்களுக்கும் நிற்போர் உண்டு. சங்க நிர்வாக ஸ்தானங்களுக்கும் காலந்தோறும் தேர்தல் நடக்கின்றது. ஒரே தெருவார், சம்பந்தி வழியார், பங்காளிகள் எதிரெதிரே நிற்கும் சந்தர்ப்பம் நேரும். நிற்பது தவறன்று, போட்டி இல்லாத ஸ்தாபனம் தேங்கிய குட்டையாகும். ஒருவர் கணக்கு ஒப்புவிக்கவில்லையெனில், மகாசபையில், அவர் எதிரிலேயே, ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது அங்கத்தினரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். திண்ணையில் அவரில்லாதபோது அவருடைய குலத்தையும் குடும்பத்தையும் பற்றிக் காதோடு ஓதுவது வேறு; அது கேள்வியன்று, விஷம். விர்டோலியாக் ஒரு தேர்தலை வெல்லச் சொன்ன வார்த்தையால் அத்தேர்தலையும் வெல்லவில்லை. அவருடைய கட்சி அடுத்த மூன்று ஆண்டுகள் அதன் பயனை அனுபவித்தது.

வேறொன்றும் நினைவில் இருத்தற்பாலது. 1982-ம் ஆண்டில் அம்மக்கள் எவரையும் வையாமல், வீடுதோறும் சென்று ஜாபிதாவிற் பெயர் சேர்த்தனர். அவர்கள் பெற்ற வெற்றியின் அஸ்திவாரம் அதுவே. 1987-ல் ஒருவரையொருவர் வையத் தொடங்கியபோது அவ்வஸ்திவாரம் அப்படியே இருந்தது. அதன்மேல் நின்ற வீடுதான் இரண்டாயிற்று. அடுத்த தேர்தல் வரும்போது நம் வீட்டிற் பதினெட்டு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருடைய பெயரும் வோட்டர் ஜாபிதாவில் உள்ளதா என்று முதலிற் பார்ப்போமாக. எதிரே நிற்பவர் நம்மவராயின், தேர்தலுக்கு மறுநாள் அவர் வீட்டு வாசலில் நாம் தலைநிமிர்ந்து நிற்கத்தக்க சொற்களையே தேர்தலுக்கு முதல்நாள் பேசுவோமாக.